சி.இ.ஏ. நார்மல், அப்புறம் எதற்கு நுரையீரலில் ஊசி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 62 வயது, இருபது வருடம் பீடி பிடித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு முன் நிறுத்தியவர். இருமல் விடவில்லை என்று சிடி ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரலின் மேல் மடலில் 14 மில்லிமீட்டருக்கு ஒரு முடிச்சு, ஓரம் முள்முள்ளாக இருப்பதாக ரிப்போர்ட். நுரையீரல் மருத்துவர் சிடி பார்த்தபடியே ஊசி போட்டு பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார். ஆனால் ரத்தத்தில் பார்த்த சி.இ.ஏ. என்ற மார்க்கர், அதாவது புற்றுநோய்க்கு அடையாளமாக ரத்தத்தில் தேடும் பொருள், 2.8 தான், லேப் தாளில் நார்மல் என்று போட்டிருக்கிறது. இதற்கு நடுவில் மாமா வந்து கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே ஊசியை விட்டுவிட்டு இன்னும் நாலைந்து மார்க்கர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ரத்தம் சொல்வதை நம்பலாமா, ஊசி ஆபத்தா. தனித்தனியாகவே சொல்கிறேன், சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் பயம் இன்னொன்றின் பதிலைக் கெடுத்துவிடும்.

நான் ரேடியாலஜிஸ்ட். பதினாறு வருடமாக இந்த ஊசி பயாப்ஸிகளை என் கையால் எடுத்து வருகிறேன், அதனால் ஊசியின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். கீமோ, அறுவை சிகிச்சை முடிவுகள் என் துறை இல்லை. உங்கள் அப்பாவின் படத்தையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்த ரிப்போர்ட் வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் சி.இ.ஏ. இது 1965 இல் கனடாவின் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டுபிடித்த ஒரு புரதம். கண்டுபிடித்த புதிதில் ரத்தத்தில் இதைப் பார்த்தே புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்துவிடலாம் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, அது பலிக்கவில்லை. காரணம் எளிமையானது. 14 மில்லிமீட்டர் உருண்டையின் கன அளவைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றரை மில்லி வரும், கால் டீஸ்பூனை விடச் சற்று அதிகம். அவ்வளவு சின்னக் கட்டி ஏதாவது புரதத்தை வெளியே விட்டாலும் அது ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்து போகிறது, அதுவும் எல்லாக் கட்டியும் அதை விடுவதில்லை. ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு சி.இ.ஏ. நார்மலாகத்தான் இருக்கும். மறுபக்கம், புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே அது ஏறி நிற்கும், அதனால்தான் பல லேப்கள் புகைப்பவருக்கு 5 வரைக்கும் புகைக்காதவருக்கு 3 வரைக்கும் என்று இரண்டு எல்லை போடுகின்றன. கல்லீரல் நோய், குடல் அழற்சி, நுரையீரல் தொற்று எல்லாவற்றிலும் ஏறலாம். ஆக, 2.8 என்ற எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவின் முடிச்சைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது. இது சந்தேகமில்லாத விஷயம்.

மற்ற மார்க்கர்களும் இதே குடும்பம்தான். சைஃப்ரா 21-1 என்று ஒன்று, ஸ்குவாமஸ் என்ற நுரையீரல் புற்று வகையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். என்.எஸ்.இ., புரோ ஜி.ஆர்.பி. இரண்டும் ஸ்மால் செல் என்கிற வேகமாகப் பரவும் வகைக்கு. இதில் புரோ ஜி.ஆர்.பி. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சும்மாவே ஏறும். என்.எஸ்.இ. கதை இன்னும் வேடிக்கை. அது சிவப்பணுக்களுக்குள்ளேயே இருக்கிறது, எடுத்த ரத்தத்தை பைக் பெட்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால் அணுக்கள் உடைந்து எண் தாறுமாறாக ஏறிவிடும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பேக்கேஜில் என்.எஸ்.இ. கூடியிருப்பதாக ஒருவர் அழுதுகொண்டே வந்தார். மறுபடி லேப்பிலேயே எடுத்துப் பார்த்ததில் நார்மல். அந்த ஒரு வாரம் அவர் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. முழு உடல் பரிசோதனைக்கு வரும் 1000 பேரில் 5 பேருக்கு ஆரம்ப நிலைப் புற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்க்கர் அதில் பாதியைப் பிடிக்கிறது என்று தாராளமாகவே கொடுப்போம், இரண்டு மூன்று பேர். நோய் இல்லாத 995 பேரில் நூற்றுக்கு 5 பேருக்குத் தவறாகக் கூடுதல் காட்டினால் அது 50 பேர். ஐம்பது பேரை அலைக்கழித்து இரண்டு பேரைப் பிடிக்கிறோம், இரண்டு மூன்று பேரை 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறோம். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தக் கடைசிக் கூட்டத்தை நினைத்துத்தான். 'கேன்சர் ஸ்கிரீனிங் பேனல்' என்று விளம்பரம் செய்பவர்கள் இதை எங்கேயும் எழுதுவதில்லை. நுரையீரல் புற்றுக்கு ஸ்கிரீனிங் என்று நிரூபணமானது குறைந்த கதிர்வீச்சு சிடி ஒன்றுதான், அதுவும் நிறையப் புகைத்தவர்களுக்கு. அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2011 இல் வந்தது, அதில் நுரையீரல் புற்றால் இறப்பது 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் சிடியில் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லப்பட்ட முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை என்று முடிந்தன. முடிச்சு என்றாலே புற்று என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

லிக்விட் பயாப்ஸி எடுக்கலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் டெஸ்ட் அது. ஏற்கனவே நோய் உறுதியாகி, பரவிய நிலையில், எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நன்றாகவே உதவுகிறது. பயாப்ஸி எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் அதை வைத்தே, இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கான மாத்திரையைத் தொடங்குகிறார்கள். ஆரம்ப நிலைக்கு இன்னும் வரவில்லை. பல புற்றுகளை ஒரே ரத்தத்தில் பிடிப்பதாகச் சொல்லும் கேலரி என்ற டெஸ்ட்டின் பெரிய ஆய்விலேயே, எல்லா உறுப்புகளையும் சேர்த்து, முதல் நிலையில் இருந்த புற்றுகளில் பிடித்தது 17 சதவீதம் அளவுதான். பத்து வருடம் கழித்து இதே கேள்விக்கு நான் வேறு பதில் எழுதக்கூடும், இன்றைக்கு இதுதான் நிலைமை.

அப்படியானால் மார்க்கரே வீணா என்றால், இல்லை. திசு கையில் வந்து நோய் உறுதியான பிறகு, சிகிச்சைக்கு முன் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால், அப்புறம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பின்தொடர உதவும். படத்தில் ஸ்மால் செல் மாதிரி இருந்து புரோ ஜி.ஆர்.பி. நூற்றுக்கணக்கில் வந்தால் மருத்துவர் கொஞ்சம் வேகமாக ஓடுவார். அவ்வளவுதான் அதன் இடம். எடுத்ததை எடுத்துவிட்டீர்கள், அந்தத் தாளை ஃபைலில் வையுங்கள், பின்னால் ஒப்பிட ஆகும்.

சரி, மார்க்கர் இல்லையென்றால் எதை வைத்து முடிவு செய்வது? உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், 2021 மே மாதம் கொரோனா வந்தபோது அப்பாவுக்கு மார்பு சிடி எடுத்தோம் என்று. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஆக மதிப்பான பொருள் அதுதான். அதை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கொரோனா நேரத்தில் நாங்கள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சிடி படித்தோம், எல்லோரும் ஸ்கோர் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள், ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன முடிச்சை எழுதாமல் விட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் படத்தில் இதே இடத்தில் இதே அளவில், கெட்டியான முடிச்சாக இருந்து இத்தனை வருடத்தில் வளராமல் இருந்தால், ஏறக்குறைய நிச்சயமாகப் பழைய தழும்பு, ஊசியே வேண்டாம். கெட்டி முடிச்சு இரண்டு வருடம் அசையாமல் இருந்தாலே பொதுவாகக் கவலையை விட்டுவிடுவோம். அங்கே ஒன்றுமே இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் தெரியவில்லை. சின்னதாக இருந்து வளர்ந்திருந்தால் எவ்வளவு என்பது முக்கியம், இங்கேதான் கண் ஏமாற்றும். 10 மில்லிமீட்டர் 12.6 ஆனால் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கன அளவு இரட்டிப்பாகிவிட்டது. கெட்டியாக இல்லாமல் பனிமூட்டம் போல மங்கலாகத் தெரியும் முடிச்சுகளுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு பொருந்தாது, அவை மிக மெதுவாக வளரும், ஐந்து வருடம் வரை பார்க்க வேண்டியிருக்கும். பீரோவில் புடவைக்கு அடியில், பரணில், எங்கே இருந்தாலும் அந்தக் கவரைத் தேடுங்கள். ஃபிலிமை விட, படங்களைப் பதிந்து கொடுக்கும் கம்ப்யூட்டர் தகடு மேல். தகடு கிடைக்கவில்லையென்றால் ஸ்கேன் எடுத்த சென்டரில் போய் பெயரும் தேதியும் சொல்லிக் கேளுங்கள், சில இடங்களில் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள்.

பழைய படமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது புற்றாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக்காரர்கள் 1997 இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது, வயது, புகைப்பழக்கம், அளவு, முள் ஓரம், மேல் மடலா, முன்பு புற்று வந்ததா என்று ஆறு விவரம் கேட்கும். நீங்கள் கொடுத்தவற்றைப் போட்டுப் பார்த்தேன், உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் வருகிறது. பூவா தலையா என்கிற நிலை. ஆனால் அந்தச் சூத்திரம் அமெரிக்க நோயாளிகளை வைத்துச் செய்தது, அங்கே காசநோய் அபூர்வம். நம் ஊரில் மேல் மடல் என்பது காசநோய்க்கும் சொந்த வீடு, முள் ஓரத்தோடு காசநோய் முடிச்சுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் உண்மையான வாய்ப்பு 50க்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம்தான். அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல்படி வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் காத்திருந்து ஸ்கேன், 65க்கு மேல் என்றால் நேராக அறுவை சிகிச்சையை யோசி, நடுவில் இருந்தால் பெட் ஸ்கேனும் பயாப்ஸியும். உங்கள் அப்பா அந்த நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறார், உங்கள் மருத்துவர் சொன்னது அதைத்தான்.

பெட் ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. அது சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும். புற்று ஒளிரும், செயலில் இருக்கும் காசநோயும் ஒளிரும், பூஞ்சையும் ஒளிரும். சில மெதுவான புற்றுகள் ஒளிராமலே ஏமாற்றும். ஆகவே பெட்டில் பளிச்சென்று இருந்தது என்பதை மட்டும் வைத்து இங்கே யாருக்கும் கீமோ கொடுக்கக் கூடாது. வேறெங்கும் பரவியிருக்கிறதா, ஊசி போட வசதியான வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்க அது மிகவும் பயன்படும். ஊசிக்கு முன்பே எடுத்துவிட்டால் எங்களுக்கும் நல்லது.

இப்போது ஊசி. என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முந்தைய நாள் பிளேட்லெட்டும் ரத்தம் உறையும் நேரமும் பார்ப்போம். அப்பா இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை எதுவும் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், க்ளோபிடோக்ரல் போன்றவற்றை ஐந்து நாளாவது முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அன்று சிடி மேஜையில் முடிச்சு எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி மல்லாக்கவோ குப்புறவோ படுக்க வைப்போம். தோலில் ஒரு கட்டம் ஒட்டி ஸ்கேன் செய்து, எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்தக் கோணம் என்று அளப்போம். விலா எலும்பின் கீழ் ஓரத்தில் ரத்தக்குழாய் ஓடுகிறது, அதனால் எலும்பின் மேல் ஓரத்தை ஒட்டியே இறங்குவோம். மரத்துப்போகும் ஊசிதான் எரியும், பல் பிடுங்கப் போகும்போது போடுகிற அதே மருந்து. பிறகு வெளி ஊசி ஒன்று உள்ளே போகும், ஒவ்வொரு படியிலும் ஸ்கேன் எடுத்து முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முனை முடிச்சைத் தொட்டதும் அதன் வழியாக உள் ஊசியை விட்டு அழுத்தினால் ஸ்டேப்ளர் அடித்தது போல ஒரு சத்தம், சேமியாத் துண்டு மாதிரி மெல்லிய சதை ஒன்று வரும். வெளி ஊசியை எடுக்காமலே மூன்று நான்கு துண்டு எடுப்போம், அதனால் நுரையீரல் உறையில் ஓட்டை ஒன்றுதான். மொத்தம் முக்கால் மணி நேரம், ஊசி உள்ளே இருப்பது அதில் கொஞ்ச நேரம்.

நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மூச்சு. மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிறுத்தினால் போதும். ஒருமுறை ஆழமாகவும் இன்னொரு முறை லேசாகவும் இழுத்தால் முடிச்சு ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 14 மில்லிமீட்டரைக் குறிவைக்கும்போது அது எவ்வளவு பெரிய தூரம் என்று யோசியுங்கள். அப்பாவை வீட்டிலேயே இரண்டு நாள் பழக்கச் சொல்லுங்கள், சாதாரணமாக மூச்சு விட்டு, பாதியில் நிறுத்தி, பத்து எண்ணுவது. இருமல் இருக்கிறது என்றீர்கள், அதை மருத்துவரிடம் சொல்லி அன்றைக்கு அடக்க மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது வரும் இருமல்தான் எனக்கு இன்றைக்கும் வியர்க்க வைப்பது.

ஆபத்து இருக்கிறதா? இருக்கிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவதுதான் அடிக்கடி வருவது. அமெரிக்காவில் 15,865 பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில் 15 சதவீதம் பேருக்குக் காற்று கசிந்தது, அந்தக் காற்றை வெளியேற்றக் குழாய் போட வேண்டி வந்தது 6.6 சதவீதம். மற்றவர்களுக்குத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். பீடி பிடித்து நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல், உங்கள் அப்பாவின் சிடியில் எம்ஃபைசிமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் வரலாம், ஓரிரு நாளில் நின்றுவிடும், கோப்பைக் கணக்கில் வந்தால் உடனே ஓட வேண்டும். காற்று ரத்தக்குழாய்க்குள் போய் மூளைக்கோ இதயத்துக்கோ அடைப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் வந்தால் மோசம், அதை ஒளிக்காமல் ஒப்புதல் தாளில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் ஊசி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, சில மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். வீட்டுக்கு வந்தபின் திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் காலை வரை பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது.

இப்போது மாமாவின் பேச்சு. அவரைச் சிரித்து ஒதுக்க மாட்டேன், அதில் கடுகளவு உண்மை இருக்கிறது. ஜப்பானில் 9,783 பயாப்ஸிகளைப் பார்த்ததில் ஊசிப் பாதையில் புற்று முளைத்தது 6 பேருக்கு. பத்தாயிரத்தில் ஆறு. அதனால் உடல் முழுக்கப் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் நுரையீரல் உறையைப் பற்றி ஒரு விவாதம் இன்னும் ஓடுகிறது. முதல் நிலைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2021 இல் வந்த ஒரு ஆய்வு, முன்பே ஊசி பயாப்ஸி செய்தவர்களுக்கு உறையில் நோய் திரும்ப வருவது சற்று அதிகம் என்றது. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆயுளும் குறைந்தது போலத் தெரிந்தது, அதற்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஊசிதான் காரணமா, அல்லது உறைக்கு அருகில் இருந்த கட்டிகளுக்கே அந்தக் குணமா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நாற்பது வயதுக்காரர், கட்டி உறையை ஒட்டி, படத்தில் புற்று என்று ஏறக்குறைய உறுதி என்றால் நானே ஊசியை விட்டுவிட்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள் என்பேன். 62 வயதில், பாதிக்குப் பாதி வாய்ப்பில், காசநோயாக இருக்கவும் இடமுள்ள ஒரு முடிச்சுக்கு, உறுதி தெரியாமல் நெஞ்சைத் திறப்பதைவிட ஊசிதான் மேல் என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட் வந்தபின் நடக்கும் தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு பயாப்ஸி எடுத்தேன், ரிப்போர்ட்டில் 'நாள்பட்ட அழற்சி, புற்று அணுக்கள் இல்லை' என்று வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கிருமி எதுவும் கிடைக்காமலே காசநோய் மாத்திரை தொடங்கினார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து வந்தார், முடிச்சு நன்றாகப் பெரிதாகியிருந்தது, மறுபடி எடுத்ததில் அடினோகார்சினோமா என்ற புற்று. முதல் தடவை என் ஊசி கட்டியின் ஓரத்தில் அழன்றிருந்த நுரையீரலைத்தான் எடுத்திருக்கிறது. அன்றிலிருந்து 'புற்று இல்லை' என்ற ரிப்போர்ட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். காசநோய்க் கிருமி, ஹமார்டோமா (புற்றல்லாத ஒரு கட்டி), பூஞ்சை என்று ஒரு பெயர் வந்தால் அது பதில். 'அழற்சி', 'நார்த்திசு' என்று பொதுவாக வந்தால் அது பதில் இல்லை, படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்தில் சிடியாவது எடுக்க வேண்டும். 'புற்று' என்று வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஊசி தவறும் பக்கம் ஒன்றுதான், இல்லை என்று சொல்லும் பக்கம்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமிகள் செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் எதுவும் வளராது. ஒரு துண்டாவது சலைனில் போட்டு, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். பயாப்ஸிக்கு முன்பே 'டிபிக்கும் அனுப்புவீர்களா டாக்டர்' என்று கேளுங்கள். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மூச்சுக்குழாய் வழியாகப் போக முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சாதாரண பிராங்கோஸ்கோப் ஓரத்தில் இருக்கும் 14 மில்லிமீட்டரை எட்டாது. கம்ப்யூட்டர் வழிகாட்ட உள்ளே போகும் நேவிகேஷன் என்கிற புதுவகை எட்டும். 2025 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 10 முதல் 30 மில்லிமீட்டர் முடிச்சுகளுக்கு அது சரியாகக் கண்டுபிடிப்பதில் ஊசிக்குக் குறைந்ததில்லை என்று வந்தது, காற்றுக் கசிவு ஊசியில் 28 சதவீதம், நேவிகேஷனில் 3 சதவீதம் சொச்சம். என் தொழிலுக்குக் கெட்ட செய்தி, நோயாளிக்கு நல்ல செய்தி. அந்த வசதி உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருந்து, செலவும் கட்டுப்படியானால், எம்ஃபைசிமா உள்ளவருக்கு நானே அதைச் சொல்வேன். இல்லையென்றால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு அவசரம் என்றால், இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு பழைய படத்தைத் தேடி, இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு வரலாம், குடி முழுகாது. ஆறு மாதம் மார்க்கர் மாற்றி மார்க்கர் எடுத்துக்கொண்டிருந்தால்தான் முழுகும். ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள், எங்கும் பரவாத கட்டிக்கு ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் சர்வதேசக் கணக்கில் 83 சதவீதம், பல இடங்களில் பரவியபின் அந்த எண்ணைச் சொல்லவே எனக்கு மனம் வராது. நம் ஊரில் பெரும்பாலோர் அப்படிப் பரவிய நிலையில்தான் எங்கள் மேஜைக்கு வருகிறார்கள். உங்கள் அப்பா ஒரு இருமலின் புண்ணியத்தில் சின்னதாக இருக்கும்போதே வந்திருக்கிறார், அது புற்றாகவே இருந்தாலும்.

பயாப்ஸி முடிந்தால் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேபில் இருக்கும், பின்னால் மரபணு டெஸ்ட்டுக்கோ இரண்டாவது கருத்துக்கோ அது வேண்டும், கேட்டால் தருவார்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த 2021 சிடி கவரைத் தேடிப் பாருங்கள், கிடைத்ததும் வலது மேல் மடலைப் பற்றி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள்.